ஜெலுத்தோங் மாடியில் எட்டு சனிக்கிழமைகள்: ஒரு தீர்க்கதரிசன வகுப்பைப் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போதகர் இல்லை. வேதாகமக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் 31 வருடம் கியூசி (தரச் சோதனை) வேலை பார்த்தவள். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே சில்லை வைத்துப் பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் போடுவதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடுதான் இந்த வகுப்புக்கும் போனேன். எங்கள் வாட்சாப் குழுவில் நாலைந்து பேர் "எப்படி இருந்தது, போகலாமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

வகுப்பு நடந்தது பினாங்கு ஜெலுத்தோங்கில், ஒரு கடைவரிசையின் இரண்டாவது மாடியில். சனிக்கிழமை மாலை நாலரை முதல் ஆறரை வரை, எட்டு வாரம். கட்டணம் 80 வெள்ளி (ரிங்கிட்). அதில் நோட்ஸும், இடைவேளையில் தேநீரும் பிஸ்கட்டும் அடங்கும். முதலில் பைபிளின் தானியேல் புத்தகம், நடுவில் பவுல் எழுதிய தெசலோனிக்கேயர் நிருபங்கள் (கடிதங்கள்), பிறகு பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம். நடத்தியவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எல்லாரும் அவரை 'சார்' என்றே கூப்பிட்டோம். இருபத்து மூன்று பேர் சேர்ந்தோம். கடைசி வாரம் பத்தொன்பது பேர் இருந்தார்கள், இது நல்ல கணக்குதான்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் வகுப்பைப் பற்றிச் சொன்னால் புரியாது.

1999 கடைசியில், கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும், அதுதான் கடைசிக் காலத்தின் ஆரம்பம் என்று ஒருவர் வீட்டுக்கூட்டத்தில் பேசிவிட்டுப் போனார். என் அம்மா மறுநாளே பத்து கிலோ அரிசி மூட்டை ஆறு, மெழுகுவர்த்தி இரண்டு டஜன், சார்டின் டின் ஒரு பெட்டி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிட்டார். ஜனவரி முதல் தேதி காலையில் விளக்குப் போட்டேன், எரிந்தது. கர்த்தர் வரவில்லை, அரிசியில் வண்டு வந்தது. மே மாதம் வரைக்கும் சலித்துச் சலித்துச் சாப்பிட்டோம். இன்றைக்கு என் மாப்பிள்ளை நான் எந்த வேதபாடத்துக்குக் கிளம்பினாலும் "அத்தை, அரிசி மூட்டை வகுப்பா?" என்று கேட்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொன்னது என் தப்பு.

அது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. சிரிக்க முடியாததும் உண்டு. என் மாமா ஒருவர் 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்தார். காலம் முடியப்போகிறது, பணத்தை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்ட ஓர் ஊழியத்துக்குப் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இருபது வருடம் உயிரோடு இருந்தார், மகன்கள் கையை எதிர்பார்த்து. அப்புறம் கோவிட் காலம். மைசெஜாத்ரா என்ற அரசாங்கக் கோவிட் செயலியில் கியூஆர் கோட் அடிப்பதுதான் வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற மிருகத்தின் முத்திரை என்றும், ஊசி போட்டால் நித்திய ஜீவன் போய்விடும் என்றும் எத்தனை குரல் பதிவுகள் வந்தன. எங்கள் தெருவில் ஓர் அக்கா அதைக் கேட்டு ஊசி போடாமலே இருந்து, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து மீண்டு வந்தார்.

இதையெல்லாம் பார்த்து நான் எடுத்த முடிவு, தீர்க்கதரிசனமே வேண்டாம் என்பதுதான். எங்கள் சபையிலும் கிட்டத்தட்ட அதே முடிவு. வெளிப்படுத்தின விசேஷத்தில் 22 அதிகாரங்கள். நாற்பது வருடத்தில் பிரசங்க பீடத்திலிருந்து நான் கேட்டவை இரண்டே இரண்டு: வாசற்படியில் நின்று தட்டுகிற 3ஆம் அதிகாரமும், அடக்க ஆராதனையில் வாசிக்கிற 21ஆம் அதிகாரமும். நடுவில் இருக்கிற பதினேழு அதிகாரங்களை யாரும் தொடுவதில்லை. நாம் தொடாவிட்டால் அது சும்மா கிடக்குமா? யூடியூபில் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். பூட்டி வைத்த வீட்டில் யாராவது குடியேறத்தானே செய்வார்கள். இந்த வகுப்பில் சேர்ந்ததற்கு இதுதான் காரணம். இதைச் சார் முதல் நாளிலேயே வேறு விதமாகச் சொன்னார். வாசிக்கிறவனும் கேட்கிறவர்களும் பாக்கியவான்கள் என்று முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்திலேயே சொல்லித் தொடங்குகிற புத்தகத்தையா நாம் பயந்து மூடி வைத்திருக்கிறோம் என்று கேட்டார்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

முதல் இரண்டு வாரம் தானியேல். எனக்குச் சற்று ஏமாற்றம்தான், சார் நேரே மிருகத்துக்குப் போவார் என்று நினைத்தேன். ஆனால் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலையைப் பலகையில் வரைந்து, பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், இரும்பும் களிமண்ணும் கலந்த பாதம் என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியபோது புரிந்தது, வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அகராதியே இங்கேதான் இருக்கிறது என்று. பாபிலோன், மேதிய பெர்சியா, கிரேக்கம், ரோம் என்பது சபைகளில் பரவலாகச் சொல்லுகிற வரிசை. அதோடு நிறுத்தவில்லை. மேதியாவையும் பெர்சியாவையும் இரண்டாகப் பிரித்து, நாலாவது கிரேக்கம்தான், இந்தப் புத்தகமே கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகஸ் எப்பிபானஸ் என்ற அரசன் யூதர்களை வதைத்த காலத்தில் எழுதப்பட்டது என்று சொல்லுகிற அறிஞர்களும் உண்டு, மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்பிரி என்ற தத்துவஞானி இதைச் சொல்லிவிட்டான் என்றார். சாக்கடல் பக்கத்துக் குகைகளின் பழைய சுருள்களில் தானியேலின் எட்டுப் பிரதிகளின் துண்டுகள் கிடைத்திருப்பதையும் சொன்னார். தன் நம்பிக்கை எது என்பதையும், அதை எதிர்ப்பவர்கள் எந்த ஆதாரத்தில் நிற்கிறார்கள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஆளை நான் சபை வட்டாரத்தில் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கே 80 வெள்ளி செரித்துவிட்டது.

தானியேல் 9ஆம் அதிகாரத்து எழுபது வாரக் கணக்கு மட்டும் என் தலைக்கு ஏறவில்லை. எழுபது ஏழுகள், 490 வருடம், சரி. தொடக்கம் கி.மு. 457ஆ 444ஆ என்று ஆரம்பித்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். நானும் பிஸ்கட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

நாலாவது வாரம்தான் இந்த வகுப்பின் உச்சம். வெளிப்படுத்தின விசேஷத்தில் கடிதம் பெறுகிற ஏழு சபைகள். சார் ஒரு பெரிய வரைபடத்தைத் தொங்கவிட்டார். யோவான் தரிசனம் கண்ட பத்மு தீவு கிரேக்க நாட்டில், ஏழு ஊர்களும் இன்றைய துருக்கியில். சிமிர்னாதான் இப்போதைய இஸ்மீர். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று கடிதம் கொண்டுபோகிறவன் நடக்கிற வழியிலேயே வரிசை வைத்திருக்கிறது. குச்சியால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். எனக்கு அதுவரை இந்த ஏழும் கதைப் பெயர்கள் மாதிரிதான். நம் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பட்டாணி மாதிரி பஸ் ஏறிப் போகக்கூடிய ஊர்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

லவோதிக்கேயாவைப் பற்றிச் சொன்னதை நான் வீட்டுக்குப் போய் மகளுக்குத் திரும்பச் சொன்னேன். அந்த ஊருக்கு நல்ல தண்ணீர் கிடையாது, குழாய் வழியாக வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் எராப்போலியில் வெந்நீர் ஊற்று, நோயாளிகள் போய்க் குளிப்பார்கள். இன்னொரு பக்கம் கொலோசெயில் மலையிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர். லவோதிக்கேயாவுக்கு வந்து சேருவதோ உப்புப் படிந்த வெதுவெதுப்புத் தண்ணீர். நீ குளிருமல்ல அனலுமல்ல, வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று அந்தச் சபைக்கு எழுதிய வசனம் அதைத்தான் பேசுகிறது என்பது பல அறிஞர்களின் விளக்கம். இத்தனை வருடம் அனல் என்றால் நல்ல விசுவாசி, குளிர் என்றால் கெட்டவன் என்றே கேட்டு வந்தேன். அப்படியானால் குளிராகவாவது இரு என்று ஆண்டவர் ஏன் சொல்லவேண்டும் என்ற கேள்வி சின்ன வயதிலிருந்தே எனக்கு உண்டு, கேட்டால் பெரியவர்கள் முறைப்பார்கள். குளிர்ந்ததற்கும் ஒரு பயன், கொதிப்பதற்கும் ஒரு பயன். மாமாக் தேநீர்க் கடையில் சூடாகத் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கேட்கிறோம், வெயிலுக்கு ஐஸ் போட்டும் கேட்கிறோம். ஆறிப்போன தேயை யார் காசு கொடுத்துக் குடிப்பார்கள்?

சர்தை இன்னும் சுவாரசியம். செங்குத்தான பாறை மேல் கோட்டை, யாராலும் ஏற முடியாது என்று அந்தப் பக்கம் காவலே போடவில்லை. கி.மு. 546 வாக்கில் பெர்சிய ராஜா கோரேசின் படை முற்றுகையிட்டபோது, கோட்டை வீரன் ஒருவன் விழுந்த தலைக்கவசத்தை எடுக்கப் பாறை வழியே இறங்கி ஏறுவதைப் பெர்சியன் ஒருவன் பார்த்துவிட்டான். அதே வழியில் ஏறிப் பிடித்தார்கள். இது கிரேக்க வரலாற்றாசிரியர் ஏரோதோத்து எழுதி வைத்த கதை. அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா என்றால், கி.மு. 214இல் மூன்றாம் அந்தியோகஸின் ஆட்களும் காவல் இல்லாத பாறைப் பக்கமாகவே ஏறியிருக்கிறார்கள். அந்த ஊருக்குத்தான் "விழித்திராவிட்டால் திருடனைப்போல் வருவேன்" என்று கடிதம் போகிறது. வாசித்தவர்களுக்கு எப்படிச் சுருக்கென்று தைத்திருக்கும்! விழித்திருப்பது என்றால் ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று நினைத்திருந்தேன். காவல் போடாத பக்கத்துக்குக் காவல் போடுவது என்று அன்றைக்குப் புரிந்தது.

ஐந்தாவது வாரம் 666, அதாவது மிருகத்தின் எண். அன்றைக்கு மட்டும் வகுப்பில் இடமில்லை, பாதிப் பேர் தம்பி தங்கைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு, ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை நேரோன் கேசர் என்று எழுதிக் கூட்டினால் 666 வரும், கடைசி 'ன்' இல்லாமல் எழுதினால் 616 வரும், சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது என்று கூட்டிக் காட்டினார். இது அன்றைய ரோமைக் குறித்தது மட்டுமா, இனி வரப்போகிற, கிறிஸ்துவுக்கு எதிராளியான அந்திக்கிறிஸ்துவையும் குறிக்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, தான் இரண்டையும் நம்புவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. 13ஆம் அதிகாரத்தை முடித்த கையோடு அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொன்னார். 14ஆம் அதிகாரம் முதல் வசனம்: ஆட்டுக்குட்டியானவரோடு நின்றவர்களின் நெற்றிகளில் அவருடைய பிதாவின் நாமம் எழுதியிருந்தது. முத்திரையைப் பற்றிக் குரல் பதிவு அனுப்பிய ஒருவர்கூட இந்த வசனத்தைச் சொல்லவில்லை. இரண்டு நெற்றி, இரண்டு பெயர், யாரை வணங்குகிறாய் என்பதுதான் அங்கே கேள்வி. ஊசி போடாமல் கிடந்த அந்த அக்கா என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை, பென்சிலால் அந்த வசனத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

இப்போது குறைகள். ஆறாவது வாரம் சாருக்கு உடம்பு சரியில்லாமல் வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் வந்ததும் பெரிய அட்டவணை ஒன்றை ஒட்டினார். இஸ்ரவேல் தேசம் உருவானது 1948. மனுஷனுடைய ஆயுசு பெலத்தின் மிகுதியால் எண்பது வருடம் என்று 90ஆம் சங்கீதம் சொல்கிறது. ஆகவே 2028. நான் கை தூக்கினேன். "ஐயா, ஒரு தலைமுறை நாற்பது வருடம் என்று வைத்து 1988ஐச் சொன்னார்களே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "சிஸ்டர், விசுவாசத்தோடு கேளுங்கள்" என்றார். கியூசியில் ஒரே மாடல் இரண்டாவது தடவையும் ஃபெயிலானால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் பேசுவோம். அன்றைக்கு இரண்டு மணி நேரம் வீண். ஏற்பாட்டாளர்கள் அழைக்கும் ஆளை முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும். இதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

அடுத்த வாரம் சார் திரும்பி வந்து, யாரையும் பெயர் சொல்லிக் குறைகூறாமல், ஒரு பழைய கதை சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேலின் 2300 நாளைக் கணக்குப் போட்டு ஊர் ஊராகப் பேசினார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ராத்திரி போய் விடிந்தது. பிறகு நம் காலத்திலேயே ஹெரால்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கி 2011 மே 21 என்றார், தவறியதும் அக்டோபர் 21 என்றார், 2012இல் தவறை ஒப்புக்கொண்டார். அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று மத்தேயு 24இல் எழுதியிருக்கிறது, அதே அதிகாரத்தில்தான் எருசலேம் தேவாலயம் கல்லின்மேல் கல் இராமல் இடிக்கப்படும் என்றும் இருக்கிறது, கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை வந்து அதை நிறைவேற்றியது என்றார். நாள் குறிக்கப்படாதது நடந்தது, நாள் குறித்ததெல்லாம் நடக்கவில்லை. இதைக் கேட்டபோது என் மாமாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. தெசலோனிக்கேயாவிலும் அப்படிச் சிலர் வேலையை விட்டுவிட்டு அலைந்திருக்கிறார்கள். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதிய வசனம், வருகையைப் பற்றி இத்தனை பேசுகிற அதே நிருபத்தில் இருக்கிறது. இதை ஒருவராவது என் மாமாவுக்குப் படித்துக் காட்டியிருக்கலாம்.

வேறு குறைகள் சின்னவை. ஏர்கான் ஆர்க்டிக் குளிர், யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாதாம். நோட்ஸில் தட்டச்சுப் பிழைகள் மலிந்து கிடக்கின்றன, 'மிருகம்' ஓரிடத்தில் 'முருகன்' ஆகிவிட்டிருந்தது, சார் மன்னிப்புக் கேட்டுத் திருத்தச் சொன்னார். கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சியைப் பற்றி மூன்று நான்கு நிலைப்பாடுகள் இருக்க, இருபது நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். கிறிஸ்து இரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்று, இரகசிய வருகை என நாம் சொல்லும் போதனை இன்றைய வடிவில் 1830களில் ஜான் டார்பி என்ற போதகரின் காலத்திலிருந்துதான் பரவியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டினார்கள். அதற்கே இரண்டு வாரம் வேண்டும், சண்டையும் வந்திருக்கும், வரட்டுமே. கார் நிறுத்த இடம் கிடைப்பது வருகையைவிட எதிர்பாராத சம்பவம்.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. பைபிள் தமிழ் நம் பிள்ளைகளுக்குக் கஷ்டம். வகுப்பில் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் கைப்பேசியில் ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டே இருந்தான். 21ஆம் அதிகாரம் வந்தபோது சார் அவனையே வாசிக்கச் சொன்னார். இந்திரநீலம், சந்திரகாந்தம், கோமேதகம், வைடூரியம் என்று திக்கித் திக்கி வாசித்தான். லெபு பசார் நகைக்கடையில் வேலை செய்யும் ஓர் ஆன்ட்டி ஒவ்வொரு கல்லும் என்ன நிறம் என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். இப்படி ஒரு விளக்கவுரை எந்த நூலிலும் இல்லை.

கடைசியாக, மூன்றாவது வாரம். வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளினேன். முதலாம் தெசலோனிக்கேயர் நாலாம் அதிகாரம். என் வீட்டுக்காரர் 2021இல் போனார். அடக்கத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைத்தான் விட்டார்கள். போதகர் முகக்கவசத்துக்குள்ளிருந்து வாசித்தது என் காதில் பாதிதான் விழுந்தது. அதற்குப் பிறகு எக்காளம், மேகம் என்று யார் பேசினாலும் எழுந்து போய்விடுவேன், எனக்கு அது பயமுறுத்தும் பகுதி. சார் அன்று கேட்டது ஒரே கேள்விதான்: பவுல் இதை எதற்காக எழுதினார்? ஏறக்குறைய கி.பி. 50, 51இல், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், தங்களில் சிலர் செத்துப்போனார்களே, அவர்கள் வருகையைத் தவறவிட்டுவிடுவார்களோ என்று அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எழுதின பதில் இது. எக்காளத்தையும் மேகத்தையும் சொல்லிவிட்டு, இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். மிரட்டுங்கள் என்று எழுதவில்லை. இடைவேளையில் நான் தேநீர் எடுக்கப் போகவில்லை, மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கா ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

ஆக, ஐந்துக்கு நாலு. தேதி தெரிந்துகொள்ளப் போகிறவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். வீட்டில் கடைசிக் காலம் என்றாலே பயப்படுகிற வயதானவர்கள் இருந்தால் கூட்டிப்போங்கள், மூன்றாவது வாரமாவது. நாற்காலி கடினம், சிறு மெத்தை எடுத்துப் போனால் நல்லது.

அடுத்த சுற்று எசேக்கியேலும் சகரியாவும், கட்டணம் 90 வெள்ளி ஆக்கிவிட்டார்கள். போன வாரம் மாப்பிள்ளை என் நோட்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தார், சர்தை பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். "அத்தை, இந்த அரிசி மூட்டை வகுப்புல வெளியாள் சேரலாமா?" என்றார். இரண்டு பேருக்குப் பணம் கட்டிவிட்டேன். அவருக்கும் ஒரு சுவெட்டர் எடுத்து வைக்க வேண்டும்.